பாட்டிக்குக் கால் முளைத்த கதை

வாசகர் கேள்வி – பதில்: குழந்தைகளோடு விடுமுறைப் பயணம்

விடுமுறை நெருங்கினால் எனக்கு வரும் கடிதங்களின் தொனி மாறிவிடும். மற்ற மாதங்களில் சளி, பேதி, சாப்பிட மாட்டேன் என்கிறான் என்று வரும். இப்போது மாமியார், நாத்தனார், சித்தப்பா, பெரியப்பா எல்லோரும் கடிதத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். குழந்தைகள் வார்டில் 31 வருடம் நர்ஸாக இருந்தவள் நான். இப்போது இரண்டு பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டி. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு உறவினர் வீடுகளுக்கு அலைந்ததும் உண்டு, வரப்போகிற குழந்தைக்காக வாசலையே பார்த்துக்கொண்டு நின்றதும் உண்டு. இந்த முறை பயணக் கடிதங்களுக்கு மட்டும் பதில்.

கேள்வி: எங்கள் மகனுக்குப் பத்து மாதம். விடுமுறைக்கு என் கணவரின் பெற்றோர் வீட்டுக்குப் போனோம். மாமியார் வாசலிலேயே ஆசையாகக் கை நீட்டினார். பிள்ளை அவரைப் பார்த்து அலறினான் பாருங்கள், தெருவே எட்டிப் பார்த்தது. நான்கு நாளும் அதே கதை. "நீ யாரிடமும் விட்டுப் பழக்கவில்லை, அதான்" என்று என் மேல் பழி. அடுத்த மாதம் மறுபடி போக வேண்டும். இப்போதே வயிற்றைக் கலக்குகிறது.

பதில்: பழி உங்கள் மேல் இல்லை, மகன் மேலும் இல்லை. அந்த வயசு அப்படி. நாலைந்து மாதத்தில் யார் தூக்கினாலும் சிரித்துக்கொண்டு போகும் குழந்தை, ஏழெட்டு மாதம் வாக்கில் 'இவர் நம் ஆள், இவர் வேற்று ஆள்' என்று பிரிக்கத் தொடங்கும். உளப்பகுப்பாய்வாளர் ரெனே ஸ்பிட்ஸ் இதற்கு 'எட்டாம் மாதப் பதற்றம்' என்றே பேர் வைத்தார். உங்களோடு அவனுக்கு நல்ல ஒட்டுதல் வந்திருக்கிறது, அதனால்தான் அந்த அலறல். இரண்டு வயதுக்குள் பெரும்பாலும் தானாகத் தணியும்.

இதெல்லாம் எனக்கு மனப்பாடம். வார்டில் எத்தனை பாட்டிகளுக்கு இந்தப் பாடத்தை எடுத்திருக்கிறேன்! ஆனால் என் பேரன் பதினோரு மாதத்தில் என் வீட்டுக்கு வந்தபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? கார் கதவு திறந்ததும் ஓடிப்போய் வாரி எடுத்தேன். அவன் உடம்பை வில்லாக வளைத்து, முகம் சிவக்க, மூச்சை அடக்கி அடக்கி அழுதான். எனக்கு வந்த கோபம், அதுவும் என் மகள் மேல் வந்த கோபம், இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. தினமும் சாயங்காலம் வீடியோ காலில் அவனோடு பேசியவள் நான். என் முகத்தைக் கண்டால் திரையைத் தட்டித் தட்டிச் சிரிப்பான். அந்தப் பிள்ளைக்கா என்னைத் தெரியவில்லை?

தெரிந்துதான் இருந்தது. அன்று ராத்திரி அடுத்த அறையிலிருந்து "யாரது, யாரது?" என்று சும்மா குரல் கொடுத்தேன். போனில் அப்படித்தான் ஆரம்பிப்பேன். அவன் சிணுங்கலைச் சட்டென்று நிறுத்தினான். தரையில் கிடந்த அம்மாவின் போனை நோக்கித் தவழ்ந்து போனான். எடுத்துப் பார்த்தான். புரட்டிப் பின்பக்கமும் பார்த்தான். அவனுக்குத் தெரிந்த பாட்டி உள்ளங்கை அகலம். தோளுக்குக் கீழே ஒன்றும் கிடையாது. வாசலில் வந்து நின்றவளுக்கோ கை, கால், இடுப்பு, வாசனை எல்லாம் இருந்தது. திடீரென்று பாட்டிக்குக் கால் முளைத்தால் யாருக்குத்தான் பயம் வராது?

மறுநாள் காலையில் அவன் பக்கமே திரும்பாமல் தரையில் உட்கார்ந்தேன். ஒரு டப்பாவுக்குள் ஸ்பூனைப் போடுவதும் எடுப்பதுமாக இருந்தேன். டொக், டொக். கால் மணி நேரம் ஆயிற்று, கால் மரத்துப்போயிற்று. முதுகில் ஒரு சின்னக் கை பட்டது. திரும்பவில்லை. ஸ்பூனைப் பின்பக்கமாக நீட்டினேன். வாங்கிக்கொண்டான். மத்தியானத்துக்குள் மடியில் இருந்தான்.

ஆகவே அடுத்த மாதம் இப்படிச் செய்யுங்கள். வாசலில் குழந்தையைக் கை மாற்றாதீர்கள். உள்ளே போய் உட்கார்ந்து, அவனை உங்கள் மடியிலேயே வைத்துக்கொண்டு, நீங்கள் மாமியாரோடு சிரித்துப் பேசுங்கள். நீங்கள் அவரிடம் எப்படிப் பழகுகிறீர்கள் என்பதைப் பார்த்துத்தான் அவன் முடிவு செய்வான். (இதற்காகவாவது அன்று சண்டை வேண்டாம்.) அவர் குழந்தையின் கண்ணை நேராகப் பார்க்காமல், கொஞ்சம் தள்ளி, தரை மட்டத்தில், கையில் ஏதாவது ஒரு பொருளோடு உட்காரட்டும். புதிதாக வந்த பூனையைப் பழக்குகிற மாதிரிதான். அவனாகவே மாமியார் மடியில் ஏறிய பிறகு அவர் என்ன வேண்டுமானாலும் கொஞ்சிக்கொள்ளட்டும். நீங்கள் குளிக்கவோ வெளியே போகவோ வேண்டுமென்றால் அவன் அசந்த நேரம் பார்த்து நழுவாதீர்கள். டாட்டா காட்டிவிட்டே போங்கள். அழுவான்தான். ஆனாலும் நழுவிப் போனால் அடுத்த முறை உங்களைப் பாத்ரூமுக்குக்கூட விட மாட்டான்.

இன்னொன்று. இந்த விஷயத்தையெல்லாம் மாமியாரிடம் முன்கூட்டியே போனில் சொல்ல வேண்டியது உங்கள் கணவர். நீங்கள் சொன்னால் சாக்கு என்பார்கள், மகன் சொன்னால் செய்தி என்பார்கள். அப்படித்தான் உலகம்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தையோடு முதல் முறையாக விமானத்தில் போகிறோம். ஆறு மணி நேரப் பயணம். ஏறுவதற்கு முன் சளி மருந்து ஒரு மூடி கொடுத்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கும் என்று தெரிந்தவர் சொல்கிறார். செய்யலாமா? காது வலிக்கும் என்கிறார்களே, அதற்கு என்ன?

பதில்: சளி மருந்து கூடாது. சில குழந்தைகளுக்கு அது தூக்கத்துக்குப் பதில் ஆட்டத்தைத்தான் கொடுக்கும், அதுகூடப் பரவாயில்லை. மூச்சு மந்தமாகிப்போகிற ஆபத்தும் இருக்கிறது. கடையில் சீட்டு இல்லாமல் கிடைக்கும் இருமல், சளி மருந்துகளை இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2008-லேயே எச்சரித்திருக்கிறது. தெரிந்தவரிடம் நன்றி சொல்லிவிட்டு மறந்துவிடுங்கள்.

காது விஷயம் நிஜம். விமானம் மேலே பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தம் சுமார் 6,000 முதல் 8,000 அடி உயர மலைமேல் இருப்பது போலக் குறைந்திருக்கும். இறங்கும்போது அழுத்தம் மறுபடி கூடும். நடுக்காதிலிருந்து மூக்கின் பின்பக்கம் வரை ஒரு மெல்லிய குழாய் போகிறது. நாம் விழுங்கும்போது அது திறந்து இரண்டு பக்கமும் அழுத்தத்தைச் சமன் செய்யும். குழந்தைகளுக்கு அந்தக் குழாய் இன்னும் குறுகல். பெரியவர்கள் எச்சில் விழுங்கிக்கொள்வார்கள், கொட்டாவி விடுவார்கள். குழந்தைக்கு அந்த யோசனை வராது, நாம்தான் விழுங்க வைக்க வேண்டும். தாய்ப்பாலோ புட்டிப் பாலோ நிப்பிளோ, எது பழக்கமோ அது.

எப்போது கொடுப்பது என்பதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் வலி அதிகம். அதுவும் தரை தெரிகிற அந்தக் கடைசி நிமிடங்களில் மட்டும் இல்லை. சுமார் அரை மணி நேரம் முன்பே விமானம் இறங்கத் தொடங்கிவிடும். உங்கள் காதில் லேசாக 'கும்'மென்று அடைத்தால் அதுதான் நேரம். தூங்கிக்கொண்டிருந்தாலும் மெல்ல எழுப்பிக் கொடுங்கள். என் மகள் முதல் பயணத்தில், ஓடுபாதையில் விமானம் வரிசையில் காத்திருந்த முக்கால் மணி நேரத்திலேயே முழுப் பாலையும் கொடுத்து முடித்துவிட்டாள். இறங்கும்போது புட்டியும் காலி, பிள்ளைக்குப் பசியும் இல்லை. அவள் தன் சுண்டுவிரலைக் கழுவிச் சப்பக் கொடுத்துச் சமாளித்தாள். சளியோ காது வலியோ ஏற்கெனவே இருந்தால் கிளம்பும் முன் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: நேர வித்தியாசம் ஐந்து மணி நேரம் உள்ள நாட்டிலிருந்து மகள் குழந்தைகளோடு வருகிறாள். போன முறை பிள்ளைகள் விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து ஓடிப்பிடித்து விளையாடினார்கள். வீடே தூங்கவில்லை.

பதில்: ஒரு மணி நேர வித்தியாசத்துக்குத் தோராயமாக ஒரு நாள் என்று கணக்கு வையுங்கள். காலை வெயிலில் வெளியே விளையாட விடுங்கள். மூன்று மணிக்கு எழுந்தால் பெரிய விளக்கைப் போடாதீர்கள், டிவி, போன் வேண்டாம். மங்கலான வெளிச்சத்தில் புத்தகம், கொஞ்சம் தண்ணீர், மெல்லிய பேச்சு. பகல் தூக்கத்தை மொத்தமாக வெட்டாதீர்கள். அளவுக்கு மீறிக் களைத்த குழந்தை ராத்திரி இன்னும் மோசமாகத்தான் தூங்கும். அப்புறம், முதல் இரண்டு மூன்று நாளைக்கு விருந்தாளி யாரையும் கூப்பிடாதீர்கள்.

கேள்வி: எனக்கு 71 வயது. நானும் மனைவியும் மட்டும் இருக்கும் வீடு. ஒன்றரை வயது, நான்கு வயது பேரப்பிள்ளைகள் இரண்டு வாரம் தங்க வருகிறார்கள். வீட்டில் எதையெல்லாம் எடுத்து வைக்க வேண்டும்?

பதில்: ஐயா, இந்த முறை வந்த கடிதங்களிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது உங்களுடையதுதான். வருவதற்கு முன்னால் கேட்டிருக்கிறீர்களே!

முழங்கால் ஒத்துழைத்தால் ஒருமுறை தவழ்ந்து போய்ப் பாருங்கள். இல்லையென்றால் சின்ன ஸ்டூல் போட்டு ஒவ்வோர் அறையிலும் ஒரு நிமிடம் உட்காருங்கள். நின்றால் தெரியாதது எல்லாம் அந்த உயரத்தில் கண்ணில் படும். மேஜை விளிம்பில் தொங்கும் ஒயர், சோபாவுக்கு அடியில் உருண்ட மாத்திரை, கீழ்த்தட்டில் உள்ள பாத்ரூம் கழுவும் திரவம்.

மாத்திரையில் இருந்து தொடங்குகிறேன். நம் வயசில் எல்லோரிடமும் அந்த ஏழு நாள் டப்பா இருக்கும். நமக்குச் சுலபமாகத் திறக்க வேண்டும் என்று செய்தது, ஒன்றரை வயசுக்காரனுக்கும் சுலபம்தான். ரத்த அழுத்த மாத்திரைகளிலும் சர்க்கரை மாத்திரைகளிலும் சில வகை, ஒன்றோ இரண்டோ உள்ளே போனாலே சின்னக் குழந்தைக்கு உயிராபத்து. வார்டில் நான் பார்த்த குழந்தைகளில் அப்படி வந்தவை பலவும் தாத்தா பாட்டி வீட்டிலிருந்துதான் வந்தன. டப்பா மட்டும் இல்லை. சட்டைப் பை, தலையணை அடி, மனைவியின் கைப்பை, சாப்பாட்டு மேஜையில் 'சாப்பிட்டதும் போட்டுக்கொள்ளலாம்' என்று எடுத்து வைத்த ஒன்று. எல்லாம் உயரத்தில், பூட்டுக்குள் போகட்டும். வருகிற விருந்தாளிகளின் பைகளையும் கட்டில் மேல் விடாமல் உயரத்தில் மாட்டச் சொல்லுங்கள்.

அடுத்து பட்டன் பேட்டரி. ரிமோட், எடை பார்க்கும் மெஷின், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, காது கேட்கும் கருவி எல்லாவற்றிலும் இருக்கிறது. காசு போல இருக்கும் லித்தியம் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே புண்ணாக்கிவிடும். மூடி ஸ்க்ரூ போட்டு மூடாத எதையும் டேப் சுற்றி வையுங்கள். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே 'வெளியே வந்துவிடும்' என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. ஒரு வயது தாண்டிய குழந்தை, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், போகிற வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன், ஆறு தடவை வரைக்கும், கொடுக்கலாம். தேன் வாங்கவென்று நேரத்தைக் கடத்தாதீர்கள்.

தண்ணீர் வாளி. ஒன்றரை வயசுக் குழந்தைக்குத் தலை கனம். எட்டிப் பார்க்கும்போது தலைகுப்புற விழுந்தால் எழுந்திருக்கத் தெரியாது. நாலு விரல் தண்ணீர் போதும், சத்தமும் கேட்காது. வாளிகளைக் கவிழ்த்து வையுங்கள், பாத்ரூம் கதவு சாத்தியே இருக்கட்டும்.

சாத்தியே இருக்கட்டும் என்றேன், உள்தாழ்ப்பாள் பற்றிச் சொல்ல மறந்தேன். என் மூத்த பேத்தி மூன்று வயசில் என் வீட்டுப் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டாள். போடத் தெரிந்தது, எடுக்கத் தெரியவில்லை. முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு சத்தமே இல்லை. அந்த அமைதிதான் என்னைக் கொன்றது. பக்கத்து வீட்டுப் பையன் ஏணி வைத்து ஜன்னல் கண்ணாடிப் பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தால், அம்மணி என் பற்பசை முழுவதையும் சுவரில் பிதுக்கிக் கோலம் போட்டுக்கொண்டிருக்கிறாள். அன்றிலிருந்து குழந்தைகள் வந்தால் என் வீட்டுக் கதவுகளின் மேல் விளிம்பில் ஒவ்வொரு துண்டு தொங்கும். கதவு முழுசாகச் சாத்தாது, தாழ்ப்பாளும் விழாது, விரலும் நசுங்காது. பார்க்க அசிங்கம்தான்.

சூடான டீ, காபியை மேஜை ஓரத்தில் வைக்காதீர்கள்; போட்டுக் கால் மணி நேரம் ஆன பிறகும் குழந்தையின் தோலைச் சுட்டுவிடும். அப்படி ஏதாவது ஆனால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ், பற்பசை, மாவு எதுவும் வேண்டாம். கனமான டிவி, அலமாரி ஆடுகிறதா என்று ஒருமுறை தள்ளிப் பாருங்கள். நாலு வயசுக்காரர் அதில் ஏறுவார். குளிர்பான பாட்டிலில் பினாயிலோ மண்ணெண்ணெயோ ஊற்றி வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

கண்ணாடிப் பொம்மை, புகைப்படச் சட்டம் எல்லாம் உடைந்தால் உடையட்டும் என்றால் விட்டு வையுங்கள். மனசு தாங்காது என்றால் எடுத்து வையுங்கள். இரண்டு வாரமும் "தொடாதே, தொடாதே" என்று சொல்லிக்கொண்டிருக்க உங்களுக்கும் அலுத்துப்போகும்.

கேள்வி: நான்கு வயது மகள் காரில் ஏறி அரை மணி நேரத்தில் வாந்தி எடுக்கிறாள். தம்பிக்கு ஒன்றரை வயது, அவனுக்கு ஒன்றும் ஆவதில்லை. கவனம் திரும்பட்டும் என்று போனில் கார்ட்டூன் போட்டுக் கொடுக்கிறோம். குறையவே இல்லை.

பதில்: போன்தான் பாதிக் காரணமாக இருக்கும். உள்காது 'வண்டி ஆடுகிறது, திரும்புகிறது' என்கிறது. திரையைப் பார்க்கும் கண் 'எதுவும் அசையவில்லை' என்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மூளை வயிற்றின் மேல் காட்டுகிறது. பயண வாந்தி இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரைதான் அதிகம். தம்பி தப்பித்தது வயசால். அவன் முறையும் வரலாம்.

போனையும் படப் புத்தகத்தையும் எடுத்துவிட்டு, ஜன்னல் வழியே தூரத்தில் தெரிவதைப் பார்க்கும் விளையாட்டாக ஏதாவது செய்யுங்கள். சிவப்பு வண்டி எண்ணுவது, மேகத்தில் மிருகம் தேடுவது. கிளம்பும் முன் வெறும் வயிறும் வேண்டாம், எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம், லேசாக ஏதாவது. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். காருக்குள் வாசனைத் திரவியம் தொங்கினால் கழற்றி எறியுங்கள். முகம் வெளுத்து, கொட்டாவி விட்டு, பேச்சு நின்றால் இன்னும் ஐந்து நிமிடம்தான் இருக்கிறது என்று அர்த்தம், ஓரமாக நிறுத்துங்கள். மாத்திரை வேண்டுமா என்பதை டாக்டர் சொல்லட்டும்.

குழந்தைக்கு மாற்று உடை எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். உங்களுக்கும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கல்யாணத்துக்கு நான் எந்தக் கோலத்தில் போய் இறங்கினேன் என்பதை எழுதினால் ஆசிரியர் போட மாட்டார்.

கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்று: "தம்பி முன்சீட்டில் என் மடியில்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி மோதி நின்றால், பத்துக் கிலோ குழந்தை ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் இருபது முப்பது மடங்கு கனத்தோடு முன்னால் பாயும். அம்மாவின் கைக்கு எவ்வளவு பாசம் இருந்தாலும் அந்தக் கனத்தைப் பிடிக்கிற பலம் கிடையாது. பின்சீட்டில், குழந்தைக்கான கார் சீட்டில், இருவருக்கும் அவரவர் அளவுக்கு. அந்தச் சீட்டுக்கு எழுதியிருக்கும் எடை, உயர வரம்பு வரும் வரை சின்னவன் வண்டியின் பின்பக்கம் பார்த்து உட்காருவதுதான் நல்லது. இரண்டு நாள் அழுவான். அப்புறம் அதில்தான் தூங்குவான்.

கேள்வி: ஐந்து நாள் விடுமுறை. என் பக்கம் மூன்று வீடு, மனைவி பக்கம் மூன்று வீடு. ஒரு வீட்டை விட்டாலும் மனஸ்தாபம். போன வருடம் ஆறு வீட்டுக்கும் போனோம். நான்காவது வீட்டில் இரண்டு வயது மகளுக்குக் காய்ச்சல், ஐந்தாவது வீட்டில் மனைவி அழுதுவிட்டாள். இந்த வருடம் திட்டமிட்டுச் செய்ய ஒரு அட்டவணை சொல்லுங்களேன்.

பதில்: அட்டவணை எல்லாம் இல்லை. ஆறு வீடு வேண்டாம். கடிதம் முழுக்க யார் கோபித்துக்கொள்வார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அழுத மனைவி இந்த வருடம் என்ன சொல்கிறார் என்று ஒரு வரி இல்லை. முதலில் அவரைக் கேளுங்கள்.

என் யோசனை: ஒரு வீட்டில் தங்குங்கள். மற்றவர்களை அங்கே வரச் சொல்லுங்கள். இரண்டு வயசுக் குழந்தைக்கு ராத்திரி எழுந்தால் இது எந்தச் சுவர் என்று தெரிய வேண்டும். தினம் ஒரு படுக்கை என்றால் பெரியவர்களுக்கே தூக்கம் வராது. வந்து பார்க்க மனசு உள்ளவர்கள் வருவார்கள். வராதவர்கள் நீங்கள் போயிருந்தாலும் "போன தடவை ஒரு மணி நேரம்தான் இருந்தீர்கள்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். அடுத்த வருடம் அடுத்த பக்கத்தில் ஒரு வீடு.

கேள்வி: எங்கள் குழந்தைக்கு இரண்டு மாதம். விடுமுறையில் உறவினர்கள் கூட்டமாக வருகிறார்கள். எல்லோரும் முத்தம் கொடுக்கிறார்கள். ஒருவர் இருமிக்கொண்டே தூக்கினார். "எங்கள் காலத்தில் இதெல்லாம் பார்த்தோமா?" என்கிறார்கள். எப்படி மறுப்பது?

பதில்: என் மேல் பழி போடுங்கள். இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கதவில் ஒட்டுங்கள்:

'இருமல், சளி, காய்ச்சல் உள்ளவர்கள் தூரத்திலிருந்து பார்த்துச் சிரிக்கவும். மற்றவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகு தூக்கவும். முகத்திலும் கையிலும் முத்தம் வேண்டாம், பாதத்தைக் கொஞ்சலாம்.'

காரணம் கேட்பவர்களுக்கு: பெரியவர்களுக்கு நாள்பட்ட இருமலாக மட்டும் தெரிகிற கக்குவான், இரண்டு மாதக் குழந்தைக்கு மூச்சையே நிறுத்திவிடும். குழந்தைக்கான தடுப்பூசி இப்போதுதான் தொடங்கியிருக்கும், முழுப் பாதுகாப்பு இன்னும் வரவில்லை. உதட்டோரத்தில் வரும் சின்னக் கொப்புளம் ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம். நமக்கு அரிப்போடு போய்விடும், பச்சைக் குழந்தைக்கு மூளை வரை போகும். 'எங்கள் காலத்தில்' பிழைத்தவர்கள்தானே வந்து பேசுகிறார்கள்? பிழைக்காதவர்கள் பேச வர முடியாது. இதைக் கொஞ்சம் காரமாகவே எழுதுகிறேன், கண்ணால் பார்த்தவள்.

யாராவது ஆசையாக நாக்கில் தேன் தடவ வந்தாலும் நிறுத்துங்கள். ஒரு வயது வரை தேன் கூடாது. கூட்டம் போன பிறகு குழந்தை சுணங்கினால் உஷ்ணம் பாருங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டாலே வீட்டு வைத்தியம் இல்லை, நடுராத்திரி என்றாலும் ஆஸ்பத்திரி.

கேள்வி: ஐந்து வயது மகள் மாமாவுக்கு முத்தம் கொடுக்க மாட்டேன் என்று என் பின்னால் ஒளிந்துகொண்டாள். எல்லோர் முன்னாலும் அவமானமாகிவிட்டது. மரியாதை கற்றுக்கொடுக்க வேண்டாமா?

பதில்: வணக்கம் சொல்வது மரியாதை. முத்தம் அவள் விருப்பம். வேண்டாம் என்று சொன்னால் அதைப் பெரியவர்கள் கேட்பார்கள் என்று அவள் தெரிந்துகொள்ள வீட்டைவிட நல்ல இடம் ஏது? கிளம்பும் முன்பே "கை கொடுக்கிறாயா, கை தட்டுகிறாயா, தூரத்திலிருந்து டாட்டாவா?" என்று கேட்டு வையுங்கள். ஒன்றைத் தேர்ந்தெடுப்பாள். மாமா பெரியவர், அவருக்கு ஒன்றும் ஆகாது.

கேள்வி: பாட்டி வீட்டிலிருந்து வந்த பிறகு மூன்று வயது மகன் மறுபடி படுக்கையை நனைக்கிறான். அங்கே யாராவது பயமுறுத்தியிருப்பார்களா?

பதில்: இடம் மாறித் திரும்பிய குழந்தைகள் சில நாள் இப்படி ஒரு படி பின்னால் போவது சகஜம். திட்டாமல், விசாரணை வைக்காமல், பழைய நேரத்துக்குச் சாப்பாடு, பழைய நேரத்துக்குத் தூக்கம் என்று இருங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் சரியாகும். ஆனால் சிறுநீர் போகும்போது எரிச்சல், காய்ச்சல், அதிக தாகம் இருந்தாலோ, குறிப்பிட்ட ஒருவர் பேரைக் கேட்டாலே ஒடுங்கினாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள். இல்லையென்றால் அவனுக்குப் பாட்டியின் ஞாபகமாகத்தான் இருக்கும். ஒரு போன் போட்டுக் கொடுங்கள்.

கேள்வி: எனக்கு எட்டு வயசு. லீவுக்கு எந்த வீட்டுக்குப் போனாலும் எல்லோரும் "எவ்வளவு மார்க்?" என்று கேட்கிறார்கள். நான் என்ன சொல்வது? (அம்மாவுக்குத் தெரியாமல் எழுதியிருக்கிறேன்.)

பதில்: கண்ணு, முதலில் சிரி. பிறகு பணிவாகக் கேள்: "உங்களுக்கு எட்டு வயசில் எவ்வளவு மாமா?" உடனே பேச்சை மாற்றி, உனக்கு ஏதாவது சாப்பிடக் கொடுப்பார்கள். என் பேத்தி மூன்று வீட்டில் சோதித்துப் பார்த்துவிட்டாள். மூன்றிலும் சாக்லெட் கிடைத்தது.